அட்டெண்டன்ஸ் போகாமல் அழகிப் போட்டிக்குப் போவது எப்படி?

மூன்றாவது செமஸ்டர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் துறை நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். அட்டெண்டன்ஸ் போதாமல் தேர்வெழுத முடியாதவர்களின் பட்டியல். ஏழு பேர். ஆறு பேர் வகுப்புப் பக்கமே வராத பையன்கள், ஏழாவது நான். மொத்தத்தில் 79 சதவீதம் வைத்திருந்தவள் அந்தப் பட்டியலில் எப்படி வந்தேன் என்று கீழே சொல்கிறேன்.

கோவைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில், ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டே இரண்டு வருடத்தில் நான்கு அழகிப் போட்டிகளுக்குப் போனேன். ஒன்றில் மூன்றாம் இடம், ஒன்றில் இறுதிச் சுற்று வரை, மற்ற இரண்டிலும் ஒன்றுமில்லை. ராம்ப்பில் எப்படி நடப்பது என்று சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எச்.ஓ.டி.யிடம் (துறைத் தலைவரிடம்) கடிதத்தை எப்போது நீட்டுவது, பாஸ்போர்ட்டை எந்த முகவரியில் எடுப்பது என்று சொல்லத்தான் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் இது.

1. முதலில் ரெகுலேஷனைப் படியுங்கள்

போட்டியின் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் கல்லூரியின் ரெகுலேஷனை, அதாவது வருகை, தேர்வு விதிகளைத் திறங்கள். சேர்ந்த அன்று கொடுத்த புத்தகத்திலோ கல்லூரி இணையதளத்திலோ இருக்கும். நான்கு வருடமும் அதைத் தொடாதவர்கள்தான் அதிகம். நானும் மாட்டிய பிறகுதான் தொட்டேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி என்றால் அடிப்படைக் கணக்கு இது: செமஸ்டர் தேர்வெழுத 75 சதவீதம் வருகை வேண்டும். 65க்கும் 75க்கும் நடுவில் இருந்தால், உடல்நலக் காரணமோ விளையாட்டுப் போட்டியோ காரணமாக இருந்து, சான்றிதழும் கொடுத்தால் அனுமதிக்க வழி உண்டு. 65க்குக் கீழே போனால் தேர்வும் கிடையாது, அடுத்த செமஸ்டரும் கிடையாது. அதே செமஸ்டரை அடுத்த வருடம் திரும்பப் படிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்களுக்கென்று விதி வைத்திருக்கும். கலைக் கல்லூரிகளில் வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தப்பிக்கிற பழக்கம் உண்டு. எம்.பி.பி.எஸ். என்றால் தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80; அங்கே யாரும் இரக்கப்பட மாட்டார்கள்.

'விளையாட்டு' என்ற சொல்லை இன்னொரு முறை பாருங்கள். அழகிப் போட்டி அதில் சேராது. மாநில அளவில் கபடி ஆடிய தோழிக்குக் கிடைத்த சலுகையை நம்பி நான் போனேன், எனக்குக் கிடைக்கவில்லை. அதில் அநியாயமும் எதுவும் இல்லை, விதியே அப்படித்தான் இருக்கிறது.

2. கையிருப்பு நாள்களை எண்ணுங்கள்

ஒரு செமஸ்டருக்கு 75 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதத்துக்கு 57 நாள் வந்தாக வேண்டும். மிச்சம் 18 நாள். இதில் காய்ச்சல், தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு நாள் தாமதமாகத் திரும்புவது, அக்கா கல்யாணம் என்று ஆறு நாளைக் கழித்துவிடுங்கள். கையில் இருப்பது 12 நாள்.

சென்னையில் நடக்கும் ஒரு ஆடிஷனுக்கு வெளியூர்க்காரிக்கு இரண்டு நாள் போகும். மாநிலச் சுற்றுக்கு மூன்று நாள். தேசிய அளவில் இறுதிக்குப் போனால் கிரூமிங் (நடை, உடை, பேச்சுப் பயிற்சி), ஒத்திகை, படப்பிடிப்பு என்று வாரக் கணக்கில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அதாவது சின்னப் போட்டி இரண்டு என்றால் ஒரு செமஸ்டரில் அடங்கும். பெரிய போட்டியின் இறுதிச் சுற்று அடங்கவே அடங்காது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும், கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

நான் விழுந்த குழி வேறு. எங்கள் கல்லூரி தன்னாட்சி, பாடவாரியாக வருகை பார்ப்பார்கள். போட்டிகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை இரவு சேரன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும், துணி எடுத்து வைக்க வேண்டும் என்று மதியமே கிளம்பிவிடுவேன். வெள்ளி மதியம் எங்களுக்கு மைக்ரோபிராசஸர் லேப். ஆடிஷனுக்கு ஒரு வெள்ளி, போட்டோவுக்கு ஒன்று, துணி அளவு பார்க்க ஒன்று, போட்டிக்கு இரண்டு. மொத்தம் 14 லேப் வகுப்பில் ஐந்து போனது. 64 சதவீதம். மற்ற எல்லாப் பாடத்திலும் நன்றாக இருந்தும் அந்த ஒரு லேப் என்னைப் பட்டியலில் ஏற்றியது.

ஆகவே டைம்டேபிளை எடுத்து, எந்தக் கிழமையில் லேப் இருக்கிறது என்று சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். வெள்ளியில் விழுந்தால், வேறு பேட்சுக்கு மாற்றித் தரச் சொல்லி செமஸ்டரின் முதல் வாரத்திலேயே கேளுங்கள். முதல் வாரத்தில் சுலபமாக மாற்றுவார்கள், ஐந்தாவது வாரத்தில் காரணம் கேட்பார்கள்.

3. தேதியைப் பார்த்துப் போட்டியைத் தேர்ந்தெடுங்கள்

செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் வரும். அது ஏறக்குறைய நிலையானது. போட்டித் தேதிகள் அப்படியில்லை. ஃபெமினா மிஸ் இந்தியா இறுதிச் சுற்று 2018ல் ஜூன் 19, 2022ல் ஜூலை 3, 2023ல் ஏப்ரல் 15, 2024ல் அக்டோபர் 16. மிஸ் யுனிவர்ஸ் இந்தியா ஜெய்ப்பூரில் 2024ல் செப்டம்பர் 22, 2025ல் ஆகஸ்ட் 18. 'போன வருடம் லீவில்தானே வந்தது' என்று நம்பினால் இந்த வருடம் மாடல் எக்ஸாமில் வந்து நிற்கும்.

உலகப் போட்டிகள் இன்னும் மோசம். திருச்சிப் பெண் அனுகீர்த்தி வாஸ் சென்னை லயோலாவில் படிக்கும்போது 2018 ஜூனில் மிஸ் இந்தியா ஆனார். உலக அழகிப் போட்டி அதே டிசம்பர் 8 அன்று சீனாவின் சான்யாவில். 2025ல் உலக அழகிப் போட்டி ஹைதராபாத்திலேயே நடந்தது, ஆனால் மே மாதம் முழுக்க ஓடி 31ஆம் தேதிதான் முடிந்தது. இரண்டும் நம் தேர்வுக் காலத்தின் நடு மடியில் விழுகின்றன.

முதல் போட்டிக்கு என் யோசனை: இரண்டாம் வருடத்துக்கு முன்னால் வேண்டாம். முதல் வருடத்தில் பலருக்குப் 18 வயது நிறைந்திருக்காது, அதற்கு முன் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. கணக்கு பேப்பர்கள் வேறு அரியர் வைக்கக் காத்திருக்கும். இறுதி வருடமும் வேண்டாம், பிளேஸ்மென்ட்டும் பிராஜெக்டும் சேர்ந்து வரும்.

உயரம், வயது, பாஸ்போர்ட் விதிகளை அந்தந்த வருடத்து அறிவிப்பில் பாருங்கள். தோழி சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மிஸ் யுனிவர்ஸ் 2023ல் திருமணமானவர்களையும் தாய்மார்களையும் அனுமதித்தது, 2024ல் மேல் வயது வரம்பையே எடுத்துவிட்டது. பழைய விதியை நம்பி 'வயதாகிவிட்டது, படிப்பை விட்டாவது இந்த வருடமே போய்விட வேண்டும்' என்று அவசரப்பட்ட சீனியர் ஒருவரை எனக்குத் தெரியும். உயரத்தை வெறுங்காலில்தான் அளப்பார்கள். ஹாஸ்டல் சுவரில் பென்சில் கோடு போட்டு அளந்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

4. காகிதங்கள்: ஒரு மாதம் முன்பே

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட், கல்லூரி பொனஃபைட், அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ எட்டு, மேக்கப் இல்லாமல் எடுத்த முகமும் முழு உருவமும். சில இடங்களில் மருத்துவரின் உடல்தகுதிச் சான்றும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். பரிசுப் பணமோ விளம்பரப் பணமோ வந்தால் பான் எண் வேண்டும். ஆதார் இருந்தால் இ-பான் இலவசமாகவே கிடைக்கும், கம்ப்யூட்டர் சென்டரில் முந்நூறு ரூபாய் கொடுக்காதீர்கள்.

நம் ஊரில் இன்ஷியல்தான் பெரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கே' என்ற ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக என்று ஒரே பெண் மூன்று பேராக இருப்பாள். போட்டி விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள். ஆதாரைத் திருத்த வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் பாஸ்போர்ட்டுக்குப் போங்கள்.

பாஸ்போர்ட் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தட்கால் என்றால் மேலும் 2,000. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்திருக்குமே என்று பயப்பட வேண்டாம், டிஜிலாக்கரில் இருப்பதை பாஸ்போர்ட் சேவை மையத்தில் ஏற்கிறார்கள். முகவரியைத்தான் யோசித்துப் போடுங்கள். வீட்டு முகவரி போட்டால் போலீஸ் விசாரணைக்கு வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். நான் இல்லை. 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள், மறுபடி அலைந்து சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. செமஸ்டர் லீவில் விண்ணப்பித்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

5. அனுமதி: போவதற்கு முன்னால், எழுத்தில்

இதுதான் முக்கியமான படி. போய் வந்த பிறகு கேட்பது அனுமதி அல்ல, மன்னிப்பு.

கடிதத்தை முதல்வருக்கு எழுதுங்கள், வகுப்பு ஆலோசகர், எச்.ஓ.டி. வழியாக என்று போட்டு. உள்ளே மூன்று விஷயம் போதும்: போட்டியின் பெயரும் அழைப்புக் கடிதமும், எந்தெந்தத் தேதியில் எந்தெந்த வகுப்பு போகும், அவற்றை எப்போது ஈடுசெய்வீர்கள். மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. நான் இரண்டாவது முறை எழுதினேன். 'லேப் எண் 6ஐ அடுத்த செவ்வாய் வேறு பேட்சுடன் செய்துகொள்கிறேன்' என்று. எச்.ஓ.டி. கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் கையெழுத்துப் போட்ட நகல் ஒன்று உங்கள் ஃபைலில் இருக்கட்டும். ஹாஸ்டலில் இருப்பவர்கள் வார்டனுக்கும் ஒரு நகல் கொடுங்கள். ஞாயிறு இரவு பதினோரு மணிக்குக் கேட்டில் நின்று கதை சொல்வது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும்.

பொய் மெடிக்கல் சர்டிபிகேட் மட்டும் வேண்டாம். பட்டியலில் பெயர் வந்ததும் நான் செய்தது அதுதான். தெரிந்த கிளினிக்கில் டைபாய்டு என்று எழுதி வாங்கிக்கொண்டு போய் நின்றேன். எச்.ஓ.டி. அதைப் படித்துவிட்டு, தன் செல்போனை என் பக்கம் திருப்பினார். போட்டி நடத்தியவர்கள் போட்ட ரீல். அதே தேதியில், தோளில் போட்டிப் பெயர் எழுதிய சாஷ் பட்டை போட்டுக்கொண்டு நான். "டைபாய்டு வந்த புள்ள இத்தனை ஒசரச் செருப்புல நடக்குதே அம்மிணி?" என்றார்.

நல்ல மனிதர். சான்றிதழைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த இரண்டு வாரத்தில் விட்டுப்போன ஐந்து சோதனைகளையும் மாலையில் தங்கிச் செய்து முடிக்கச் சொன்னார். ரெக்கார்டில் கையெழுத்து வாங்கித் தேர்வெழுதினேன். எல்லாருக்கும் அப்படி ஒருவர் வாய்க்க மாட்டார்.

6. செலவு

மாநில அளவில் ஒரு போட்டிக்கு, அம்மாவும் நானும் சென்னை போய் வந்ததற்கு ஆனது இது. பதிவுக் கட்டணம் 1,000. போட்டோ 3,500, விஸ்காம் படிக்கும் பையன் எடுத்தது. ஸ்டுடியோவில் 15,000 கேட்டார்கள். ஹீல்ஸ் 1,800. கவுன் வாடகை இரண்டு நாளுக்கு 2,500. இது போக 5,000 முன்பணம், கறை படாமல் திருப்பிக் கொடுத்தால் திரும்ப வரும். தலைமுடி, மேக்கப் 3,000. ரயில் இரண்டு பேருக்குப் போக வர 1,300. அறை 1,500. ஆட்டோ, சாப்பாடு 900. மொத்தம் 15,500.

குறைக்க முடிந்தது மேக்கப்பும் கவுனும்தான். மேக்கப்பை நானே கற்றுக்கொண்டேன். இந்திய உடைச் சுற்றுக்கு அம்மாவின் காஞ்சிபுரம் சேலையே போதும், பிளவுஸை மட்டும் உங்கள் அளவுக்குத் தைக்க வேண்டும். ஹீல்ஸில் கஞ்சம் பிடிக்காதீர்கள். 600 ரூபாய்ச் செருப்பில் நடந்து குதிகால் தோல் உரிந்து, மறுநாள் இன்டர்னல் தேர்வுக்கு ரப்பர் செருப்போடு போனேன்.

செமஸ்டர் கட்டணப் பணத்தில் கை வைக்காதீர்கள். 'பரிசு வந்ததும் போட்டுவிடலாம்' என்ற கணக்கு சரிப்பட்டு வராது. எனக்கு மூன்றாம் இடத்துக்குக் கிடைத்தது ஒரு கிரீடம், ஒரு சலூன் கூப்பன், ஒரு கூடை சோப்பு.

7. பணம் பிடுங்கும் போட்டிகள்

நான் போன நான்கில் ஒன்று இந்த ரகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்ணப்பித்த பத்தாவது நிமிடம் 'நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்' என்று வாட்ஸ்அப் வரும். அப்புறம் கிரூமிங் கட்டணம் 25,000 என்று வரும். இன்றே கட்டினால் 18,000. 'மிஸ் இந்தியா' என்ற பெயருக்கு முன்னாலும் பின்னாலும் ஏதாவது ஒரு சொல்லை ஒட்டி, பெரிய போட்டியின் கிளை மாதிரிக் காட்டுவார்கள். ஆளுக்கு இருபது டிக்கெட் விற்கச் சொல்வார்கள். ஓட்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் 'மக்கள் தேர்வு' இருக்கும். உங்கள் மாமா, சித்தப்பா எல்லாரும் மாறி மாறிப் பணம் போட்டு ஓட்டுப் போடுவார்கள். கடைசியில் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு துணைப் பட்டம்: அழகிய புன்னகை, அழகிய கூந்தல், அழகிய கண்கள். எனக்கு அழகிய நடை. செருப்பு வாங்கிய காசுக்காவது அது நியாயம்.

கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. போன வருடம் ஜெயித்தவர் யார், அவரிடம் பேச முடியுமா? கட்டணத்துக்கு ரசீது உண்டா, பணம் நிறுவனக் கணக்குக்குப் போகிறதா, யாரோ ஒருவரின் ஜிபே எண்ணுக்கா? மேடை எங்கே, மண்டபம் பதிவு செய்தாயிற்றா? மண்டபத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள், சொல்வார்கள்.

நீச்சலுடையில் தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி இரவில் செய்தி வந்தால் பதில் போடாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

8. பயிற்சி, சாப்பாடு, தூக்கம்

ஹாஸ்டல் மொட்டை மாடியில் காலை ஐந்தரைக்கு முக்கால் மணி நேரம் ஹீல்ஸ் போட்டு நடந்தேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை. மெஸ் சாப்பாட்டில் சாதத்தைக் குறைத்து முட்டையும் சுண்டலும் சேர்த்துக்கொண்டேன். பட்டினி கிடந்தால் மூன்றாவது பீரியடில் தூங்கி விழுவீர்கள்.

தமிழ் வழியில் படித்தவர்கள் கேள்வி-பதில் சுற்றை நினைத்து நடுங்க வேண்டாம். உலக மேடைகளிலேயே மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தாய்மொழியில் பதில் சொல்பவர்கள் உண்டு. உங்கள் போட்டியில் தமிழில் பேசலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

9. ஒப்பந்தம்: இரவில் கையெழுத்துப் போடாதீர்கள்

இறுதிச் சுற்றுக்கு முந்தைய இரவு, ஒத்திகை முடிந்து கால் வலியோடு நிற்கும்போது பன்னிரண்டு பக்கத்தை நீட்டி 'கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து' என்பார்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. படம் எடுத்து ஈரோட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன். ஜெயித்தவர் நடுவில் விலகினால் 50,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒன்பதாவது பக்கத்தில் இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார்.

பார்க்க வேண்டியவை: எத்தனை மாதம் கட்டுப்பாடு, வேறு விளம்பரம் செய்யலாமா, வருமானத்தில் அவர்களுக்கு எவ்வளவு பங்கு, அழைத்தால் பயணச் செலவு யாருடையது, விலகினால் என்ன. மாணவிகள் கேட்க வேண்டிய இன்னொன்று: 'செமஸ்டர் தேர்வு நாள்களில் நிகழ்ச்சிக்கு அழைக்க மாட்டோம்' என்று ஒரு வரி. சின்ன அமைப்பாளர்கள் சேர்த்துக் கொடுப்பார்கள், எனக்குக் கொடுத்தார்கள். பெரிய போட்டிகளில் அவர்கள் தரும் ஒப்பந்தம்தான். அதனால் அதை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

10. ஜெயித்துவிட்டால்: இடைவெளி எடுப்பது

பெரிய கிரீடம் விழுந்தால் ஒரு வருடம் உங்களுடையது அல்ல. அதைக் கல்லூரியோடு சேர்த்து ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். ரீட்டா ஃபாரியா மும்பையில் மருத்துவம் படிக்கும்போது 1966ல் உலக அழகி ஆனார். அந்த ஒரு வருடத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் படிப்புக்குத் திரும்பி மருத்துவரானார். 2017ல் ஜெயித்த மானுஷி சில்லரும் எம்.பி.பி.எஸ். மாணவிதான்; அவர் போனது சினிமாவுக்கு. எந்தப் பக்கம் போவதானாலும் திரும்பி வரும் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள்.

அந்தக் கதவுக்குப் பெயர் பிரேக் ஆஃப் ஸ்டடி. முன்கூட்டியே கல்லூரி முதல்வர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். வெறுமனே வராமல் நின்றுவிட்டால் அது இடைவெளி அல்ல, அட்டெண்டன்ஸ் இல்லாமல் போனது. இரண்டும் ஃபைலில் வேறு வேறு. வருகை சரியாக இருந்து தேர்வு நாள் மட்டும் இடித்தால், படிப்புக் காலத்தில் ஒரே ஒரு முறை தேர்விலிருந்து விலகிக்கொள்ளும் ஏற்பாடும் ரெகுலேஷனில் உண்டு, அது அரியர் கணக்கில் வராது. ஆனால் அதற்கும் உடல்நலம், குடும்பச் சூழல், விளையாட்டு என்றே காரணம் கேட்பார்கள். போட்டியைக் காரணமாகக் காட்ட முடியுமா என்று எச்.ஓ.டி.யிடம் பேசிவிட்டே விண்ணப்பியுங்கள்.

இடைவெளி எடுக்கும் முன் மூன்று இடத்தில் கேளுங்கள். உதவித்தொகையோ முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையோ வாங்குகிறவர்கள் அது திரும்பத் தொடருமா என்று கல்லூரி அலுவலகத்தில். கல்விக் கடன் இருந்தால் வங்கியில். தவணை தொடங்கும் தேதியைப் படிப்பு முடியும் தேதியை வைத்துத்தான் போட்டிருப்பார்கள், ஒரு வருடம் தள்ளிப் போவதை எழுத்தில் தெரிவிக்காவிட்டால் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே நோட்டீஸ் வரும். பிளேஸ்மென்ட் அலுவலரிடம் இடைவெளி வருடத்தை எந்த நிறுவனங்கள் ஏற்பதில்லை என்று.

திரும்பச் சேரும்போது ரெகுலேஷன் மாறியிருந்தால் புதிய பாடத்திட்டத்தில்தான் உட்கார வேண்டும். விட்டுப்போன பாடம் ஒன்றிரண்டைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். ஆகவே கிளம்பும் முன் அதுவரை முடித்த பாடங்களின் சிலபஸ் நகலையும் மதிப்பெண் பட்டியலையும் அதே பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். மறுசேர்க்கை விண்ணப்பத்தை செமஸ்டர் தொடங்கிய பிறகு கொடுத்தால், தாமதமான அந்த இரண்டு வாரமும் அட்டெண்டன்ஸில் ஆப்சென்ட்டாகவே ஏறும்.